தோட்டத்து மரத்தில் ஏறிய கொடி

2004 ஜூன் 4, வெள்ளிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்குக் குடிநீர் விடும் முறை அன்று. குடங்களை நிரப்பி, மிச்சத்தைச் சிமென்ட் தொட்டியில் விட்டேன். சவரம், குளியல், செபம். பிறகு நாட்குறிப்பைத் திறந்து வழக்கம்போல முதல் வரியில் வானிலையை எழுதினேன்: "மேகம் இல்லை. மேல்காற்று, பலம்." 'பலம்' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறேன். எந்த நாளிலும் வானிலைக்கு நான் கோடு போட்டதில்லை.

அன்று மாலை எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலில் திருவிழாக் கொடி ஏற வேண்டும். புதிய கொடிமரத்தில் ஏறப்போகும் முதல் கொடி. அந்த மரம் மலையிலிருந்து வந்ததல்ல. ஒரு விவசாயியின் வாய்க்கால் கரையில் வளர்ந்த தேக்கு. அதை வாங்கலாம் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். இப்போது அந்த மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது.

இட்லியை வைத்துக்கொண்டு நான் சன்னலைப் பார்த்தபடி இருந்தேன். எதிர் வீட்டு மாடியில் காய்ந்த சேலை கொடியிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்த்தது.

"காத்தையே பாத்துக்கிட்டு இருந்தா நின்னுருமா?" என்றாள் மனைவி. "சட்னி ஊத்தவா, வேணாமா?"

"ஊத்து."

"ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல நீங்க. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான் ஏதாச்சும் ஆகும்."

திண்டுக்கல்லில் அரசு அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் போடுவது என் வேலை. காலை முழுவதும் ஒரு நெல் கிட்டங்கியின் சுவரை வரைந்துகொண்டிருந்தேன். பிற்பகலுக்கு அனுமதி கேட்டிருந்தேன். வரைமேசையில் தாளின் நான்கு மூலையிலும் கனம் வைத்தும், காற்று ஏதாவது ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

நான் பிறந்த ஊர், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மல்லிகை, தக்காளி, கொஞ்சம் கொய்யா. கொடிமரம் மலையிலிருந்துதான் இறங்கி வரவேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். இளைஞர்கள் ஏறிப்போய் நேரான மரமாகப் பார்த்து வெட்டுவார்கள். ஊர் எல்லை வரும்வரை மரம் தரையைத் தொடக்கூடாது. தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுவருவார்கள். ஊர் வாசலில் பெண்கள் குடங்களோடு நின்று மரத்தின் அடிப்பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைப்பார்கள். இன்னொரு கட்டாயமும் உண்டு: மரத்தில் ஒட்டு இருக்கக்கூடாது. அடியிலிருந்து நுனிவரை ஒரே மரம்.

2003 திருவிழா முடிந்து கொடி இறக்கிய அன்று பழைய மரத்தின் அடியில் கையை வைத்தவர்களுக்கு விரல் உள்ளே போனது. கரையான். புது மரம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே கூட்டம் போட்டார்கள். என் அக்கா மகன்தான் இளைஞர்களின் தலைவன். இருபத்தைந்து வயது, பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சத்தமாகப் பேசமாட்டான், ஆனால் அவன் சொன்னால் பையன்கள் எழுந்துவிடுவார்கள்.

"மரம் பாத்தாச்சு," என்றான். "வேங்கை. சுனைக்கு மேல நிக்குது. நேர் மரம். அடையாளத்துக்கு ஒரு கொத்துக் கொத்திட்டு வந்திருக்கோம்."

நான் எழுந்து, தோட்டத்து மரம் வாங்கலாம் என்றேன். எண்பதுகளில் நம் மாவட்டத்தில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தேக்கும் குமிழும் மலைவேம்பும் வைத்தவர்கள் ஏராளம், இப்போது திண்டுக்கல் அறுவை மில்களில் குவிந்து கிடப்பதெல்லாம் அந்த மரங்கள்தான், என் வீட்டு நிலையும் கதவுகளும் தோட்டத்து வேம்பு, இதுவரை ஒருவரும் அதை வேறாகப் பார்த்ததில்லை என்று சொன்னேன். காட்டு மரத்தில் கை வைத்தால் வழக்கு வரும் என்பதையும் சொன்னேன். வந்தால் முதல் பெயர் அவள் மகனுடையது என்பதால், அதைச் சொல்லும்போது அக்காவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"மாமா, கதவுக்கும் கொடிமரத்துக்கும் வித்தியாசம் இருக்குல்ல?" என்றான் அக்கா மகன். "தோட்டத்து மரம் மோட்டார் தண்ணி குடிச்சு வளந்தது. மழைய மட்டும் நம்பி வளந்த மரம்தான் மேல்காத்துக்கு நிக்கும். அம்புட்டு ஒசரத்துல கொடி அடிக்கிற அடிக்கு இது தாங்குமா?"

அவன் கேட்டது தவறான கேள்வி அல்ல.

பங்குச் சாமியார் புதிதாக வந்தவர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இந்த வருடம் தோட்டத்து மரம் வைத்துப் பார்க்கலாம் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. அக்கா மகன் கையைக் காட்டி அடக்கினான்.

"சரி சாமி. ஆனா ஒண்ணு. கொடி ஏறுற அன்னைக்கு மரம் வெடிச்சாலோ சாஞ்சாலோ, மறுநாளே நாங்க மலைக்குப் போவோம். அப்ப யாரும் குறுக்க நிக்கப்படாது. மாமாவும்தான்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்த வேங்கையைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. கூட்டம் முடிந்த சில வாரங்களில் அக்கா மகனே என்னைக் கூட்டிப்போனான். வாழைத்தார் ஏற்றி இறங்கும் குதிரைகளுக்கு ஒதுங்கி நின்று நின்று ஏறினோம். வழியெல்லாம் அடிக்கட்டைகள், சிலவற்றில் பக்கத்தில் துளிர்த்து விரல் கனத்துக்குக் குச்சிகள் நின்றன. விறகுக்குப் போனது, கலப்பைக்குப் போனது, யாருடைய வீட்டு உத்திரத்துக்கோ போனது. சுனைக்கு மேலே அந்த ஒரு மரம் மட்டும் நின்றது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. கொத்திய இடத்திலிருந்து சிவப்பாகப் பால் வழிந்து, பட்டையில் இறங்கிக் கறுத்து உறைந்திருந்தது. என் தங்கை குழந்தையாக இருந்தபோது அம்மா இந்தப் பாலில்தான் பொட்டு வைத்தாள்.

"இதான் மாமா," என்றான். பெருமையாகத்தான் சொன்னான். பிறகு அந்தக் கறுத்த கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு இறங்கினான்.

நான் மரம் தேடி அலைந்தேன். குஜிலியம்பாறைப் பக்கம் பார்த்த தேக்குகள் மானாவாரி நிலத்தில் நின்றவை. கட்டையும் குட்டையுமாக, பாதியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தன. கடைசியில் தொப்பம்பட்டிக்குப் பக்கத்தில், ஒரு தென்னந்தோப்பின் வாய்க்கால் ஓரத்தில், வரிசையில் ஏழாவதாக நின்ற மரத்தைப் பார்த்ததும் வாடகைச் சைக்கிளை நிறுத்தினேன். நேர் மரம். கிளைகளைச் சின்னதிலேயே கழித்து வளர்த்திருந்தார்கள்.

தோட்டக்காரர் தென்னைமட்டையைத் தோளில் போட்டபடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, கோயிலுக்குங்களா?"

"ஆமாங்க. அந்தோணியார் கோயில்."

"பழனியாண்டவருக்கு இல்லீங்களா?" என்று சிரித்தார். "அதனாலென்னங்க. என்ர வாய்க்கால்ல தண்ணி குடிச்சது எந்தச் சாமி வாசல்ல நின்னா என்னங்க. தாராளமா எடுத்துக்குங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அது புள்ளைக்குக் கட்டில் பண்றதுக்குன்னு வெச்சதுங்க. அவ பொறந்த வருசம்."

"அவதான் இரும்புக் கட்டில் வேணும்னு வாங்கிட்டுப் போயிட்டாளே. இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு?"

"போனா என்ன? மரம் மறந்துருங்களா?" என்றார் அந்த அம்மா. ஆனாலும் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐப்பசியில் வெட்டினோம். மரம் அவருடைய பட்டா நிலத்தில் நின்றதுதான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி, லாரியில் ஏற்றினோம். சோதனைச் சாவடியில் நிறுத்திச் சீட்டைப் பார்த்தவர் மரத்தையும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கொடிமரம் என்றதும் ஒதுங்கி வழிவிட்டார். மரத்தைத் தரையில் விடாமல் தோளில் கொண்டுவரும் வழக்கம் லாரியால் கெட்டது. ஊர் எல்லையில் இறக்கி, கோயில்வரை மட்டும் தோளில் தூக்கினார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் மலை மரம் வரும்போது கேட்கும் குலவை அன்று கேட்கவில்லை.

பழைய மரத்தைவிட இது ஆறு அடி குட்டை. ஒட்டுப்போடுவது கூடாதாகையால் பீடத்தை உயர்த்தினோம். கொத்தனார் மூன்று படிகள் கூடுதலாகக் கட்டினார். அதற்கான வரைபடம் நான் போட்டதுதான். அதில் எனக்குப் பயமில்லை. கல்லும் சிமென்டும் எனக்குத் தெரிந்த பொருட்கள்.

மரம் எனக்குத் தெரியாத பொருள். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பச்சை மரத்தை மெதுவாகக் காயவிட வேண்டும். மலை மரத்தை வெட்டிய வாரத்திலேயே நட்டு நிறுத்திவிடுவார்கள். வயதான மரம், வைரம் பாய்ந்தது, தாங்கிக்கொள்ளும். இது இளம் மரம். ஆகவே பட்டையை உரித்து, கோயிலின் வடக்குப் பக்கத்து நிழலில், கற்களின் மேல், காற்று அடியிலும் போகும்படி படுக்க வைத்தோம். மேலே கொட்டகை போட்டேன். வெயிலும் மழையும் படாமல் ஜூன் வரை கிடக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பட்டணம் திரும்பினேன்.

மாதம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மரத்தின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. கார்த்திகையில், மழை ஒழுகுகிறது என்று நினைத்துக் கொட்டகைக் கீற்றை மாற்றினேன். மார்கழியில், பனி என்று நினைத்துத் தார்ப்பாய் கட்டினேன். தை மாதமும் ஈரம் போகவில்லை. மரம் மஞ்சளாக இருந்ததை, புதுத் தேக்கின் நிறம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். நிலத்தடி நீர் கல்வழியாக ஏறுகிறதோ என்றுகூட யோசித்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் தகரம் வைத்தேன்.

மாசி தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை மாலை போயிருந்தேன். செபமாலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பு. வரிசையாக வடக்குப் பக்கம் போய், தார்ப்பாயை விலக்கி, மரத்தின்மேல் ஊற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கடைசியாக வந்தவள் என் அக்கா.

"என்னக்கா இது?"

"என்னது என்னது? மஞ்சத்தண்ணி."

"தினமுமா?"

"பின்ன? ஏலே, இது வெளியூரு மரம்ல. தோட்டத்துல வளந்தது, மோட்டாரு தண்ணி குடிச்சதுன்னு நம்ம பயலுகளே ஏசுறானுக. வந்த பொண்ண நாமதான பழக்கிக்கிடணும்? கல்யாணமாகி வந்த நாள்ல எனக்குக்கூட அம்புட்டுத் தண்ணி யாரும் ஊத்தல."

"அக்கா, அது காயணும். காயத்தான் போட்டிருக்கேன்."

"எங்க கிட்ட யாரு சொன்னா? வெயிலு படக்கூடாது, மழை படக்கூடாதுன்ன. மஞ்சத்தண்ணி ஊத்தக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லைதான். மலை மரத்துக்கு ஒரே நாள் ஊற்றினார்கள். அந்த வாரத்திலேயே மரத்தை நட்டு நிறுத்திவிட்டார்கள். படுத்துக் கிடக்கும் கொடிமரத்தை அந்த ஊர் பார்த்ததே இல்லை. வாசலில் ஒரு சாமி காரியம் மாதக்கணக்கில் கிடந்தால், கும்பிட்டுத்தானே போவார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நிறுத்தச் சொன்னால் மனம் புண்படும். சாமியாரிடம் போனேன். மறுநாள் பூசையில், தவக்காலம் நெருங்குகிறது, இந்த நாற்பது நாளும் மஞ்சள், பூ எதுவும் வேண்டாம், மரமும் நம்மோடு சேர்ந்து நோன்பு இருக்கட்டும் என்றார். பெண்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், யார் சொல்லி இது வந்தது என்பது அவளுக்குத் தெரியும் என்று இருந்தது.

ஆனால் நான்கு மாதம் நனைந்த மரம் இனி காயவேண்டிய காலம் பங்குனியும் சித்திரையும். மெதுவாகக் காயவேண்டியது அனலில் காய்ந்தது. சாக்கைச் சுற்றிப் பார்த்தேன், நுனிகளில் சாணி பூசிப் பார்த்தேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் போனபோது, அடியிலிருந்து ஆள் நீளம் தள்ளித் தொடங்கி, நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் ஒரு தபால் அட்டையின் ஓரத்தைச் செருக முடிந்தது.

அக்கா மகன் பக்கத்தில் நின்றான். அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நேர் வெடிப்புன்னா மரம் தாங்கும்," என்றேன். "முறுக்கிக்கிட்டுப் போனாத்தான் ஆபத்து."

"இது நேரா போகுதா, முறுக்குதா?"

தலையைச் சாய்த்து மாறி மாறிப் பார்த்தோம். அடிப்பக்கம் நேராக இருந்தது. நுனிப்பக்கம் போகப்போக இலேசாக வலப்பக்கம் திரும்புவதுபோல் தோன்றியது. அது வெடிப்பின் திருப்பமா, மரத்தின் சொந்த வளைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு பூட்டுப் பட்டறை உண்டு. அங்கே பழைய பெரிய பூட்டுகளோடு மாட்டு வண்டிக்கான இரும்பு வேலையும் செய்வார்கள். வண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்துக்குப் போடுவதுபோல நான்கு இரும்புப் பூண் வளையங்கள் அடித்து வாங்கினேன். காய்ச்சி, நுனிப்பக்கத்திலிருந்து கோத்துத் தள்ளி, அந்தந்த இடத்தில் இறுகியதும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தோம். இரும்பு சுருங்கிக் கவ்வியபோது வெடிப்பு சற்று மூடியது. பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"திண்டுக்கல்லுக்காரரு மரத்துக்கே பூட்டுப் போட்டுட்டாருடா," என்றான் அக்கா மகன்.

"சாவி எங்க மாமா?" என்றான் இன்னொருவன்.

"சாவி சாமியார்ட்ட," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மே மாதக் கடைசியில் அவர்களே கயிறு கட்டி, முட்டுக் கொடுத்து, மரத்தைப் பீடத்தில் நிறுத்தினார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கா மகன் கயிற்றின் தலைப்பில் நின்று, மரம் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக நிற்கும்வரை விடவில்லை. தோற்கட்டும் என்று நினைப்பவன் அப்படி நிறுத்தமாட்டான் என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். ஆனாலும் அவன் வீட்டு வாசலில் கோடாலியும் வடக்கயிறும் தயாராகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பேச்சு என்றால் பேச்சு.

ஜூன் நான்காம் தேதி பிற்பகல் ஊருக்குப் போய் இறங்கியபோது, பேருந்து நிறுத்தத்திலிருந்தே மரம் தெரிந்தது. வெள்ளையடித்து, பூண்களுக்குக் கறுப்புப் பூசி, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். காற்று மலையின் மேற்கு முனையைச் சுற்றிக்கொண்டு நேராக முற்றத்தில் வந்து விழுந்தது. பந்தல் துணி பட்டாசு மாதிரி அடித்தது.

ஆறு மணிக்கு சாமியார் கொடியை மந்திரித்தார். பெரிய கொடி, சேலை இரண்டின் நீளம். அக்கா மகன் கயிற்றை இழுத்தான். கொடி பீடத்தைத் தாண்டியதுமே காற்று அதைப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் முழங்கியது, அக்கா உட்படப் பெண்கள் குலவையிட்டார்கள். கொடி பாதி உயரம் ஏறியிருந்தபோது மரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோல, ஒரே ஒரு தடவை.

குலவை நின்றது. வாத்தியக்காரர்களுக்குக் கேட்கவில்லை போலும், அவர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கழுத்தைத் தூக்கி மரத்தைப் பார்த்தான், பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தான். மரத்தை நான் பார்க்கவில்லை. சுனைக்கு மேலே நிற்கும் வேங்கைதான் என் கண்ணுக்குள் நின்றது.

"இழுப்பா," என்றார் சாமியார், தாழ்ந்த குரலில்.

அவன் இழுத்தான். வழக்கமாக இழுப்பதுபோல் வெடுக்கென்று அல்ல. கிணற்றில் விழுந்த பொருளை மேலே எடுப்பதுபோல, கைமாற்றிக் கைமாற்றி. கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. மரம் உச்சியில் அசைந்தது. நின்றது.

பொங்கலும் கடலையும் கொடுத்தார்கள். மக்கள் வாங்கிக்கொண்டே மரத்தைப் பார்த்தார்கள்.

"சத்தம் பந்தக்காலுதான்," என்றார் ஒருவர்.

"பந்தக்கால் அங்கிட்டு இருக்கு. சத்தம் இங்கிட்டு வந்துச்சு," என்றார் அவர் மனைவி.

வெளிச்சம் போவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். அலுவலகத்தில் பழைய கட்டடச் சுவர் வெடித்தால், வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய தாள் ஒட்டி வைப்போம். வெடிப்பு வளர்ந்தால் தாள் கிழியும். வரைதாளில் இரண்டு கீற்று நறுக்கிப் பையில் வைத்திருந்தேன். சுவரொட்டி ஒட்டியவர்களின் வாளியில் மிச்சமிருந்த மைதாப் பசையை வாங்கி, பீடத்தின்மேல் ஏணி வைத்து ஏறி, வெடிப்பின் கீழ்முனையில் ஒன்றும் எனக்கு எட்டிய உயரத்தில் ஒன்றும் ஒட்டினேன். கன்னத்தை மரத்தில் வைத்தபோது அதிர்ந்தது. கொடி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த அதிர்வு அடிவரை வந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அக்கா மகன்.

"எதுக்கு மாமா இது?"

சொன்னேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது கேட்டான். "கிழிஞ்சிருந்தா நீங்களே சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"நாளைக்குத்தான் தெரியும்."

"ஆமா. நாளைக்கு."

அன்று அக்கா வீட்டிலேயே படுத்தேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்குக் கடைசி வரி: "சத்தம் ஒரு முறை. காரணம் தெரியவில்லை."

மறுநாள் விடிந்ததும், முகம்கூடக் கழுவாமல் கோயிலுக்குப் போனேன். முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. காற்று குறையவில்லை. பீடத்தின் மேல்படியில் ஒருவன் குந்தியிருந்தான். அக்கா மகன். கோடாலி இல்லை, கயிறு இல்லை. பக்கத்தில் நேற்றைய ஏணி, ஒரு பால்பவுடர் டப்பா, மூன்று செங்கல், கொஞ்சம் சுள்ளி.

"தாள் கிழியல மாமா," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "ரெண்டும். பசை காஞ்சு சுருங்கியிருக்கு, அம்புட்டுதான். ஆனா இங்கிட்டு வந்து பாருங்க."

கிழக்குப் பக்கத்தில், இரண்டு பூண்களுக்கு நடுவில், தலைமுடி கனத்துக்கு ஒரு புதுக் கோடு. நேற்றைய சத்தம் இதுதான். வெள்ளைப் பூச்சைப் பிளந்துகொண்டு நேராக இறங்கியிருந்தது. நேராகத்தான், முறுக்கு இல்லை. நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் போகவில்லை.

"இது வெடிப்புதான மாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வெடிப்புதான்," என்றேன்.

அவன் நிமிர்ந்து கொடியைப் பார்த்தான். அதற்குப் பின்னால் மலை, அதன் மேல்பாதி இன்னும் மூட்டத்துக்குள். அவன் கண் அங்கேயும் போய்விட்டு வந்தது. பிறகு டப்பாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினான். மாதா சிலை வைத்த கெபியில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி அடிக்கட்டைகள், பாதிக்கு மேல் இருந்தன.

"கொடி நிக்குதுல்ல," என்றான். "மழை வந்து இதுக்குள்ள தண்ணி எறங்குனாத்தான் சீரழிவு. அடைச்சிருவோம்."

"பசங்க கேப்பாங்களே. மலைக்கு..."

"மாமா போட்ட பூட்டு இன்னும் தொறக்கலன்னு சொல்லிக்கிறேன். தீப்பெட்டி வச்சிருக்கீங்களா?"

காற்றுக்குத் தீ பிடிக்கவில்லை. நான் என் வேட்டி நுனியை விரித்து மறைத்து நின்றேன். நான்காவது குச்சியில் சுள்ளி பற்றியது. மெழுகு இளகியதும் அவன் டப்பாவைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டான். நான் விரலால் வழிகாட்ட, கீழிருந்து மேலாக, புதுக் கோட்டில் முதலில், பிறகு ஏணியில் ஏறிப் பழைய வெடிப்பில், சொட்டுச் சொட்டாக விட்டான்.